அறைக்காட்சி ரெண்டரில் வெண்புள்ளிகள்: டீநாய்சர் போதுமா, காட்சியையே திருத்த வேண்டுமா?

வடிவன்:
வணக்கம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் ரெண்டரரான சைக்கிள்ஸில் ஒரு வீட்டுக் கூடத்தை ரெண்டர் செய்துகொண்டிருக்கிறேன், அதாவது கணினியில் அமைத்த காட்சியைப் படமாக்கிக்கொண்டிருக்கிறேன். மேற்குப் பக்கத்துச் சன்னல் ஒன்றின் வழியாக மட்டுமே வெயிலும் வானத்து வெளிச்சமும் உள்ளே வருகின்றன. சன்னலுக்குக் கண்ணாடி உண்டு, அதற்கு உட்புறம் மர ஜாலி நிற்கிறது. ஒரு படப்புள்ளிக்கு 512 சாம்பிள் (சோதனைக் கதிர்) கொடுத்தும் தரையெங்கும் வெண்புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. இவற்றைத் துடைக்கும் டீநாய்சரை இயக்கினால் புள்ளிகள் மறைகின்றன, ஆனால் ஜாலியின் நிழலும் கரைந்துவிடுகிறது. சன்னலில், வெளிச்சம் நுழையும் இடத்தைக் குறிக்கும் போர்ட்டல் வைத்தும் பயனில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒளிவண்ணன்:
சாம்பிளைக் கூட்டித் தீர்வு தேட வேண்டாம். இரைச்சல், அதாவது இந்தப் புள்ளித் தூறல், சாம்பிள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறையும். அதைப் பாதியாக்க 4 மடங்கு நேரமும், கால்பங்காக்க 16 மடங்கு நேரமும் செலவாகும். தெறித்து வரும் ஒளிக்கு உச்சவரம்பு இடும் இன்டைரக்ட் கிளாம்ப் மதிப்பை, இயல்பாக இருக்கும் 10-இலிருந்து 2 அல்லது 3-க்கு இறக்குங்கள். இன்டெலின் டீநாய்சருக்கு ஆல்பிடோ, நார்மல் பாஸ்கள் (துணைப்படங்கள்) இரண்டையும் கொடுங்கள். மரத்தின் வரியும் துணியின் நெசவும் அந்தப் பாஸ்களில் பதிந்திருப்பதால் அழியாமல் நிற்கும்.

சாளரன்:
மர வரி நிற்கும் என்பது சரி; வடிவன் இழப்பது நிழலை. ஆல்பிடோ தரையின் நிறத்தைச் சொல்கிறது, நார்மல் அது நோக்கும் திசையைச் சொல்கிறது. நிழலின் விளிம்பு இவை இரண்டிலுமே இல்லை. ஆகவே புள்ளி எது, ஜாலிக் கட்டத்தின் வெளிச்சம் எது என்று பிரித்தறிய டீநாய்சருக்கு எந்த ஆதாரமும் கிடைப்பதில்லை.

இங்கே கோளாறின் வேர் சன்னல் கண்ணாடிதான். தரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இடையில் தடை உண்டா என்று பார்க்கச் சூரியனை நோக்கி ஒரு நிழற்கதிர் அனுப்பப்படுகிறது. கண்ணாடி ஷேடர் (பொருள் ஒளியை எப்படிக் கையாளும் என்று சொல்லும் அமைப்பு) அதை வழிமறித்து, அந்த இடம் நிழலில் இருப்பதாகக் கணக்கு வைக்கிறது. பிறகு வெயில் தரையைச் சேர ஒரே வழிதான் மிஞ்சுகிறது: தரையில் பட்டுத் தற்செயலாகத் தெறிக்கும் கதிர், கண்ணாடியைக் கடந்து சூரியன் மீதே போய் விழ வேண்டும். சூரியனின் விட்டம் வானத்தில் ஏறத்தாழ அரை பாகைதான். தரைக்கு மேலுள்ள எல்லாத் திசைகளிலும் சமமாகக் கதிர்களை எறிந்தால் ஏறத்தாழ 90,000-இல் 1 மட்டுமே அங்கே போய்ச் சேரும். சேரும் அந்த ஒன்று பெருவெளிச்சத்தோடு திரும்புகிறது, அதுவே வெண்புள்ளி. போர்ட்டல் பயன்படாததற்கும் இதுவே காரணம்: அது வானத்தை நோக்கிய நிழற்கதிர்களைச் சன்னலுக்கு வழிநடத்துகிறது, கண்ணாடியோ அங்கேயே அவற்றை நிறுத்திவிடுகிறது.

கண்ணாடியின் ஷேடர் அமைப்பில், கதிரின் வகையைச் சொல்லும் லைட் பாத் நோடில் உள்ள ‘இஸ் ஷேடோ ரே’ வெளியீட்டை இரண்டு ஷேடர்களைக் கலக்கும் மிக்ஸ் ஷேடரின் ஃபேக்டரில் இணைத்து, நிழற்கதிருக்கு மட்டும் கண்ணாடி டிரான்ஸ்பரன்ட் ஷேடராகத் தெரியும்படி செய்யுங்கள். சாதாரணக் கண்ணாடி சுமார் 90% வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதால், அந்த டிரான்ஸ்பரன்ட் ஷேடரின் நிறத்தை 0.9 அளவில் வைப்பது நியாயமானது.

தூரிகை:
இர்ரேடியன்ஸ் மேப் வசதியுள்ள வேறு ரெண்டரருக்கு மாறினால் என்ன? புள்ளிகளே இரா.

சாளரன்:
புள்ளிகளுக்குப் பதில் திட்டுகள் வரும். சில இடங்களில் மட்டும் வெளிச்சத்தைக் கணக்கிட்டு இடைவெளிகளை இட்டு நிரப்பும் முறை அது. மெல்லிய சுவரின் ஓரத்தில் அடுத்த பக்கத்து வெளிச்சம் கசியும், அசைபடத்தில் திட்டுகள் நெளியும். சமவெளிச்சமான சுவர்களுக்கு அது நல்ல முறை. ஜாலி நிழலுக்கு உதவாது.

ஒளிவண்ணன்:
சாளரன் கூறும் திருத்தத்தை மறுக்கவில்லை. ஆனால் அலுவலகத்தில் ஒரு காட்சிக்குள் பலரிடமிருந்து வந்த நாற்காலிகள், விளக்குகள், பூச்சாடிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றின் ஷேடரையும் திறந்து பார்த்துத் திருத்த எவருக்கு நேரம் இருக்கிறது? வினாடிக்கு 25 சட்டம் வீதம் ஒரு நிமிட நடைக்காட்சி என்றால் 1,500 படங்கள். கிளாம்ப் ஒரே எண். எல்லாப் பொருளையும் ஒருசேரக் கட்டுப்படுத்துகிறது.

சாளரன்:
அந்த ஒரே எண் வெளிச்சத்தையும் வெட்டி எறிகிறது என்பதுதான் என் கவலை. வெட்டப்படுவது அறைக்குள் உண்மையில் பரவ வேண்டிய ஒளி. அறை இருண்டபின் எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்ச அளவை) கூட்டினால், நேரடி வெயில் பட்ட இடம் வெளுத்துப்போகிறது. வீட்டுக்காரர் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் சன்னல் போதுமா என்று முடிவு செய்கிறார். பொய்யான இருட்டைக் காட்டி அவரை இன்னொரு சன்னல் திறக்க வைப்பது தவறு. நூறு பொருளையும் திருத்த வேண்டியதில்லை. வெளிச்சம் நுழையும் கண்ணாடியையும் பெரிய பரப்புகளையும் மட்டும் பாருங்கள். வெள்ளைச் சுவரின் நிறத்துக்குப் பலர் 1.0 என்று முழு மதிப்பு கொடுக்கிறார்கள். நிஜ வெள்ளைப் பூச்சு ஏறத்தாழ 80% வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். 0.8 வைத்தால் தெறிப்புகள் விரைவில் தணியும், இரைச்சலும் குறையும்.

ஒளிவண்ணன்:
சுவரைப் பற்றிச் சொன்னது ஏற்கத்தக்கது. ஆனால் மேசைமேல் கண்ணாடிச் சாடி இருந்து, அது தரையில் வீசும் ஒளிக்கோலமும் வேண்டும் என்றால் உங்கள் நிழற்கதிர் உத்தி அந்தக் கோலத்தையே அழித்துவிடும். அப்போது கிளாம்பும் டீநாய்சரும் இல்லாமல் என்ன செய்வீர்கள்?

சாளரன்:
சாடிக்கு அந்த உத்தியைக் கையாள மாட்டேன். அது தட்டையான சன்னல் கண்ணாடிக்கு உரியது. சைக்கிள்ஸ் 3.2 முதல் இத்தகைய ஒளிக்கோலத்துக்கான ஷேடோ காஸ்டிக்ஸ் வசதி இருக்கிறது: விளக்கையும் சாடியையும் தரையையும் தனித்தனியே குறித்துவிட்டால், ஒளிவிலகிச் செல்லும் பாதையைத் தற்செயலுக்கு விடாமல் நேரே தேடிக் கண்டுபிடிக்கும். பிரதிபலிப்புக்கு அது உதவாது. அடுக்கடுக்கான கண்ணாடிகளிலும் தடுமாறும். வடிவன் முதலில் சன்னலை மட்டும் திருத்தி, டீநாய்சரை நிறுத்தி, அதே 512 சாம்பிளில் ஒரு படம் எடுத்து இங்கே இடட்டும். மிச்சமிருக்கும் இரைச்சலைப் பார்த்தபின் டீநாய்சரைப் பற்றிப் பேசலாம்.