பங்குனியில் ஊர் திரும்பும் பறவைகள்

கார்த்திகை, மார்கழியில் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் நம் குளங்களில் வந்து இறங்குவதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஆசையாகப் படித்தேன். அவை கிளம்பிப் போவதைத்தான் யாரும் சொல்லவில்லை. திருநெல்வேலிக் குளங்களில் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

கூந்தன்குளத்துக்கு வருடா வருடம் போகிறவன் நான். நாங்குநேரிப் பக்கம் உள்ள இந்தக் குளத்தை 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வாசல் மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டினால் எச்சம் விழுகிறதே என்று விரட்டுவதும் இல்லை. வெளியூர் ஆட்கள் பெரும்பாலும் தை மாதத்தோடு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறை.

போன பங்குனி நடுவில் போனபோது தண்ணீர் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. கரையோரச் சேற்றில் கருவால் மூக்கன்கள், அதாவது நீள அலகுள்ள கரைப்பறவைகள், நூறு இருக்கும். தையில் பார்த்தபோது எல்லாம் ஒரே சாம்பல் நிறம். இப்போது பைனாகுலரில் ஒன்றைப் பிடித்து நிதானமாகப் பார்த்தால், கழுத்திலும் நெஞ்சிலும் செங்கல் பொடியைத் தூவிவிட்டது போல இருக்கிறது. சிலவற்றுக்குக் கழுத்து முழுக்கச் சிவந்துவிட்டது, சிலவற்றுக்கு அங்கங்கே திட்டு. வடக்கே போய் ஜோடி சேருவதற்கான இறகு இங்கேயே முளைக்கத் தொடங்கிவிடுகிறது. நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லாதது போல நீள அலகைச் சேற்றில் குத்திக் குத்தித் தின்றுகொண்டே இருந்தன. அந்தத் தீனிதான் கொழுப்பாகி வழிநெடுகக் கைகொடுக்கும்.

வரித்தலை வாத்துகள் நடுத்திட்டில் நின்றன. வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. எண்ணிப் பார்த்தேன், முப்பத்து நான்கு. டீக்கடை அண்ணாச்சியிடம், “வாத்து ரொம்பக் குறைஞ்சிட்டே அண்ணாச்சி?” என்று கேட்டேன். “போன வாரமே பாதி போயிட்டுல்லா தம்பி. மிச்சமும் இன்னைக்கோ நாளைக்கோதான். சாயங்காலம் இருந்து பாருங்க” என்றார்.

இருந்தேன். வழக்கமாகப் பொழுது சாய்ந்ததும் வயலில் மேய்வதற்குத் தாழ்வாகப் பறந்து போகும். அன்றைக்கு “ஆங், ஆங்” என்று ஒரே கத்தல். ஒன்று கழுத்தை நீட்டிக் குரல் கொடுக்க, மற்றது பதில் கொடுக்க, பத்து நிமிடம் அப்படியே போனது. திடீரென்று மொத்தமாக எழுந்து குளத்தை இரண்டு சுற்று சுற்றின. ஒவ்வொரு சுற்றுக்கும் உயரம் கூடியது. அப்புறம் வரிசை பிடித்து வடக்கே திரும்பின. சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்ற பிறகும் நான் கரையை விட்டு நகரவில்லை. மறுநாள் விடியலில் திட்டு காலியாக இருந்தது.

இவை குஞ்சு பொரிப்பது திபெத்திலும் மங்கோலியாவிலும். நடுவே இமயமலை. கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. மலையைப் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் கடக்கின்றன. அந்த நேரத்துக் குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருப்பதால் சிறகுக்குப் பிடிப்பு கிடைக்கும். நம் வயலில் புல் மேய்ந்த வாத்து அங்கே போகிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நான் பார்த்த வரையில் கடைசியாகப் போவது மைனா இனத்துச் சூறைக்குருவி. திருநெல்வேலி டவுனில் நயினார்குளக் கரைக்குச் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் போங்கள். ஆயிரக்கணக்கில் வானத்தில் சுருண்டு விரிந்து, புகை மாதிரி திரும்பி, சட்டென்று மரத்தில் கொட்டும். குளிர்காலத்தில் மங்கலாக இருக்கும் குருவி சித்திரைக்குள் உடம்பெல்லாம் ரோஸ் நிறமும் தலையும் சிறகும் பளபளக்கும் கறுப்புமாக ஆகிவிடும். மத்திய ஆசியாவுக்குப் போய் வெட்டுக்கிளியைத் தின்று குஞ்சு வளர்க்கும். சீனாவின் சிஞ்சியாங்கில் வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்த இதற்கென்றே கற்களை அடுக்கிக் கூட்டிடம் அமைத்துக் கொடுக்கிறார்கள்.

முதலில் பார்த்த தேதியை எல்லாரும் குறித்து வைக்கிறோம். கடைசியாகப் பார்த்த தேதியையும் ஈபேர்டில் (eBird, பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளம்) சேர்த்துவிடுங்கள். என் நோட்டில் சூறைக்குருவிக்குக் கடைசித் தேதி ஏப்ரல் 19, கரண்டுக் கம்பியில் பதினொன்று. பழவேற்காடு, வேடந்தாங்கல் பக்கம் இருப்பவர்களுக்கு ஊசிவால் வாத்து கடைசியாக எப்போது கண்ணில் பட்டது?