பூட் பார்ட்டிஷன் ஃபுல்லாயிடுச்சு, எதை அழிக்கலாம்?

கேள்வி:
உபுண்டு (லினக்ஸ்) லேப்டாப்ங்க, இன்ஸ்டால் பண்றப்போ நானே பூட்டுக்கு, அதாவது சிஸ்டம் ஸ்டார்ட் ஆகத் தேவையான ஃபைல் இருக்கிற பகுதிக்கு, 500 எம்பி மட்டும் ஒதுக்கிட்டேன், இப்போ அப்டேட் போட்டா இடம் இல்லைன்னு பாதியிலயே நின்னுடுது. உள்ள பார்த்தா விஎம்லினுஸ், இனிட்ஆர்டின்னு ஆரம்பிக்கிற ஃபைல் மூணு மூணு கிடக்கு. பழசை ஆர்எம் (ஃபைலை அழிக்கிற கமாண்ட்) போட்டு தூக்கிடலாமா?

பதில் 1:
ஐயோ கையால அழிச்சிடாதீங்க ப்ரோ! அது பழைய கெர்னல், அதாவது சிஸ்டத்தோட மையப் ப்ரோகிராம். ஃபைல் போயிட்டாலும் எதெல்லாம் இன்ஸ்டால் ஆகியிருக்குன்னு கணக்கு வைக்கிற டிபிகேஜில பேக்கேஜ் அப்படியே இருக்கும், அப்புறம் இன்னும் குழப்பம். முதல்ல டெர்மினல்ல யூநேம் ஹைஃபன் ஆர்னு கமாண்ட் போட்டு இப்போ ஓடுறது எந்த கெர்னல்னு பாருங்க, அதைத் தொடவே கூடாது. அப்புறம் தேவையில்லாத பேக்கேஜைத் தூக்குற சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் போடுங்க, கூடவே ஹைஃபன் ஹைஃபன் பர்ஜ் சேர்த்துக்கோங்க, கான்ஃபிக் ஃபைலும் சேர்ந்து போயிடும். ஒய் (சரி) அடிக்கிறதுக்கு முன்னாடி லிஸ்ட்டை ஒரு தடவை படிச்சிடுங்க, நான் ஒரு தடவை படிக்காம அடிச்சு வேணும்ங்கிற பேக்கேஜையும் சேர்த்து அனுப்பிட்டேன் 😅

பதில் 2:
மேல சொன்னது சரி. ரூட்லயும் (மெயின் பார்ட்டிஷன்) இடம் வேணும்னா சூடோ ஆப்ட் க்ளீன் போடுங்க, டவுன்லோடு ஆன டெப் (இன்ஸ்டால் பண்ற) ஃபைல் எல்லாம் வார் கேச் ஃபோல்டர்ல குவிஞ்சிருக்கும், அது போனா ஒண்ணும் ஆகாது. ஸ்னாப் (உபுண்டுவோட இன்னொரு ஆப் பேக்கேஜ் முறை) வேற அப்டேட் ஆனப்புறமும் பழைய வெர்ஷனை வச்சிருக்கும், ஸ்னாப் லிஸ்ட் ஆல்ல டிசேபிள்டுன்னு காட்டுறதுதான் அது. ஆனா ஒரு பழைய கெர்னலையாவது விட்டு வைங்க, புதுசுல வைஃபை வரலைன்னா ஸ்டார்ட் ஆகுறப்போ வர்ற க்ரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் அதுலதான் பூட் பண்ணணும்.

கேள்வி கேட்டவர்:
ஆட்டோரிமூவ் பண்ணேன், பழைய கெர்னல் ஒண்ணு போச்சு, அப்டேட் ஓடுது. நன்றிங்க!