பொருள்: ஹோமோசிஸ்டீனுக்குத் தமிழ்ச் சொல் (வெள்ளிக்கிழமை அச்சு)

மொழிபெயர்ப்பாளர், பிரிக்ஃபீல்ட்ஸ்:

வணக்கம். இருதயப் பரிசோதனை பற்றிய மும்மொழித் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கொலஸ்ட்ராலுக்குக் 'கொழுப்பு', நீரிழிவுக்கு நம் மலேசிய வழக்கில் 'இனிப்பு நீர்' என்று போட்டாயிற்று. இரத்தத்திலுள்ள ஒரு கந்தக அமினோ அமிலமான ஹோமோசிஸ்டீனில்தான் நிற்கிறேன். படிக்கப்போகிறவர்களில் பலர் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர்கள். என்ன போடலாம்?

ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்:

முதலில் வேரைப் பார்க்க வேண்டும். 1810இல் ஆங்கில வேதியியலாளர் வொல்லஸ்டன் சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து பிரித்த பொருள்தான் பின்னாளில் சிஸ்டின் ஆனது. கிரேக்கத்தில் 'கிஸ்டிஸ்' என்றால் பை. ஆகவே அது 'பையம்'. 'ஹோமோ' இங்கே ஒரு கார்பன் கூடிய இனப்பொருளைக் குறிப்பது. ஆக, 'இனப்பையம்'. கையோடு 'அமினோ அமிலம்' என்பதையும் திருத்திவிடலாம். அமிலம் வடசொல், புளித்ததற்குத் தமிழில் 'காடி' இருக்கிறது. 'அமினக்காடி' என்போம். கந்தகமும் வடசொல்லே, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஆய்வகப் பணியாளர், ஜார்ஜ்டவுன்:

> 'அமினக்காடி' என்போம்

ஐயா, பட்டர்வொர்த்தில் காடி என்றால் கார். எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்பார்கள்.

'பையம்' வேறு வகையில் இடிக்கிறது. வொல்லஸ்டன் கண்டது சிஸ்டின். அது இரண்டு சிஸ்டீன் கந்தகப் பிணைப்பால் சேர்ந்தது. அதேபோல ஹோமோசிஸ்டீன் ஒன்று, இரண்டு சேர்ந்த ஹோமோசிஸ்டின் வேறொன்று. ஐயா சொன்ன பெயர் இரட்டைக்குப் பிறந்து ஒற்றையின் தலையில் உட்காருகிறது. எந்தச் சொல் வந்தாலும் 'டீ' நெடிலாகவே இருக்கட்டும். இரத்தத்தில் தனித்துத் திரிவது 1 விழுக்காடு அளவுதான். பெரும்பகுதி அல்புமின் என்ற இரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும். ஆய்வகத்தில் முதலில் அந்தப் பிணைப்பை அறுத்துவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கிறோம். அதனால் அறிக்கையில் 'மொத்த' என்ற அடைமொழி கட்டாயம்.

மருந்தாளர், செந்தூல்:

வேரும் வேண்டாம், விழுதும் வேண்டாம். அது என்ன செய்கிறது என்று சொன்னால் பாட்டிக்கும் புரியும். 'நாளச்சிதைவி'. இரத்த நாளத்தைச் சிதைப்பது. முடிந்தது.

மருத்துவர், செராஸ்:

தம்பி, முடியவில்லை. அந்தப் பெயர் ஒரு தீர்ப்பு. வழக்கோ இன்னும் நடக்கிறது.

மிகையான ஹோமோசிஸ்டீன் தமனியைக் கெடுக்கிறது என்று அமெரிக்க நோயியலாளர் மெக்கல்லி 1969இல் சொன்னார். பிறவி நொதிக் குறைபாட்டால் அளவு (இயல்பு 5 முதல் 15 வரை, லிட்டருக்கு மைக்ரோமோல்) 100ஐத் தாண்டும் பிள்ளைகளுக்கு இரத்தம் உறைந்து அடைப்பு வருவது உண்மை. ஆனால் 18, 20 என்று சற்றே கூடியவர்களுக்கு? 2006இல் வெளிவந்த நார்விட் ஆய்வில் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் கொடுத்து அளவை 27 விழுக்காடு இறக்கினார்கள். மாரடைப்பு குறையவில்லை. அதே ஆண்டு வந்த ஹோப்-2 ஆய்விலும் மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதம் மட்டும் சற்றுக் குறைந்தது. கூடியிருப்பவர்களுக்கு இருதய நோய் அதிகம் என்பது சரி; அதனால்தான் நோய் வந்தது என்பது நிரூபணமாகவில்லை. எல்லாருக்கும் எடுக்க வேண்டிய சோதனையும் அல்ல. கொழுப்பு, இனிப்பு நீர், புகை, இரத்த அழுத்தம் இவற்றுக்குப் பின்னால்தான் இது.

அளவு கூடினால் நான் தேடுவது வேறு: பி12 குறைவு (சைவ உணவுக்காரர்கள், நெடுநாள் மெட்ஃபார்மின் என்ற இனிப்பு நீர் மாத்திரை எடுப்பவர்கள்), ஃபோலேட் குறைவு, சிறுநீரகம், தைராய்டு. 'நாளச்சிதைவி' என்று அச்சடித்தால் பயந்துபோய்க் கடையில் ஃபோலிக் மாத்திரை வாங்கி விழுங்குவார்கள். பி12 குறைந்திருக்கும்போது அதை மட்டும் விழுங்கினால் இரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். 'இரத்தக் கொதிப்பு' என்ற பெயரைக் கேட்டு, கோபம் அடங்கினால் மாத்திரை வேண்டாம் என்றிருப்பவர்கள் போதாதா?

ஆய்வகப் பணியாளர், ஜார்ஜ்டவுன்:

பெயர் கிடக்கட்டும். துண்டறிக்கையில் நிஜமாகவே ஆபத்தான சொல் 'விரதம்'. வரைவில் 'இரத்தம் எடுக்குமுன் 10 மணி நேரம் விரதம்' என்றிருக்கிறது. நம்மவர் விரதத்தில் பாலும் பழமும் உண்டு. மலாய்ப் பகுதியில் 'புவாசா' என்று படித்தவரோ தண்ணீர்கூடக் குடிக்காமல் நரம்பு வற்றி வருவார். 'வெறும் வயிறு, தேத்தண்ணி, கோப்பி, மைலோ வேண்டாம், வெறும் தண்ணீர் குடிக்கலாம்' என்று போடுங்கள்.

கோயில் மண்டப முகாம்களில் எடுப்பவர்களுக்கும் ஒரு வரி வேண்டும். ஊதா மூடிக் குழாய் (இரத்தம் கட்டாமல் தடுக்கும் இடிடிஏ உள்ளது), எடுத்ததும் மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி, ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியில் வைக்க வேண்டும். பனிக்கட்டியாக உறைய விடக்கூடாது, செல் உடையும். ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே ஹோமோசிஸ்டீனை வெளியேற்றிக்கொண்டிருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 10 விழுக்காடு வரை ஏறும். பாலேக் பூலாவில் எடுத்த 12, வண்டி நெரிசலில் மூன்று மணி நேரம் கிடந்தால் 15ஐத் தாண்டிவிடும். 5 முதல் 15 வரை இயல்பு என்று அச்சடித்திருக்கும்போது, ஒரு நல்ல மனிதர் நோயாளி ஆகிவிடுவார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்:

ஐஸ் விஷயம் நன்று. ஆனால் ஹகரமும் ஸகரமும் எதற்கு? 'வடவெழுத்து ஒரீஇ' என்று தொல்காப்பியர் வழிகாட்டிவிட்டார். மலாய்க்காரர்கள் 'டோக்டர்', 'ஃபார்மசி' என்று தம் எழுத்துமுறைக்கு வளைத்துக்கொள்ளவில்லையா? 'ஓமோசிசுட்டீன்' என்றே எழுதலாம்.

மருந்தாளர், செந்தூல்:

கவுண்டரில் வந்து 'ஓமோ' என்றால் நான் ஓமத்தண்ணீரை எடுத்துக் கொடுப்பேன். மேலும், ஐயா, தொல்காப்பியர் சொன்னது வடசொல்லுக்கு. இது கிரேக்கம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்:

திசைச்சொல்லுக்கும் அதே நெறிதான் என்பேன். விரிவாக நாளை.

மொழிபெயர்ப்பாளர், பிரிக்ஃபீல்ட்ஸ்:

நாளை வியாழன், ஐயா. இதுவரை வந்ததை வைத்து முடித்துவிட்டேன். முதல் இடத்தில்: 'ஹோமோசிஸ்டீன் (இரத்தத்திலுள்ள ஒரு கந்தக அமினோ அமிலம், கூடினால் பி12, ஃபோலேட் குறைவாக இருக்கலாம்)'. பிற இடங்களில் பெயர் மட்டும். 'நாளச்சிதைவி' இல்லை. 'விரதம்' போய் 'வெறும் வயிறு' வந்துவிட்டது. முகாம் வரி தனிப் பெட்டியில். நான்கு பேர் சரி என்று தனிமடலில் சொன்னார்கள். இருவர் பதிலே போடவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பு வரும்போது எழுப்புவேன். கந்தகத்துக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.