ஓடைப் பாதை: கேரளாவின் சூரியநெல்லி தேயிலைத் தோட்ட லயம் (தொழிலாளர் குடியிருப்பு) குழுவில் ஒரு சனிக்கிழமை ராத்திரி

இரவு 7:42
நான்: எல்லாருக்கும் வணக்கம். மலைச் சைக்கிள் விடுறவங்களும் ஸ்கூல் பிள்ளைங்களும் போயிட்டிருந்த நம்ம ஓடைப் பாதையை அடைச்சிருக்காங்கல்ல, அதைத் திறக்கச் சொல்லி மனு எழுதறதுக்காகப் போய்ப் பாத்துட்டு வந்தேன். சங்கிலியும் போர்டும் அப்படியே இருக்கு. உள்ள போகல, வெளியில நின்னு எடுத்த படம் 👇
📷
நான்: அது ரெண்டாவது வளைவு. நடுவுல முழங்கால் ஆழத்துக்கு அரிச்சிருக்கு. செம்மண்ணெல்லாம் போயி சரளை வெளிய வந்திருச்சு.

7:50
பெரியப்பா: அதுக்குத்தானப்பா அடைச்சாங்க. வெளியூர்ப் பையன் விழுந்து தோள் எலும்பு ஒடிஞ்சது மறந்துபோச்சா?

நான்: எப்படி மறப்பேன் பெரியப்பா? ஜீப் வர்ற வரைக்கும் அவன் தலை என் மடியிலதான் இருந்துச்சு. கையை அசைக்க முடியாம, அம்மாகிட்ட சொல்லிராதீங்கண்ணேன்னு அழுதான்.
நான்: அந்தப் பாதை செங்குத்தா இறங்குது. மழை பெஞ்சா அதுவே வாய்க்கா. தண்ணி தோண்டின குழியிலதான் அவன் சக்கரம் மாட்டுச்சு. மலைச் சைக்கிள் பாதை போடுறவங்க கணக்கு, நூறடி போனா பத்தடிக்கு மேல இறங்கக் கூடாதுங்கறது. சரிவுக்குக் குறுக்கால வளைச்சு வளைச்சு இறக்கணும். வெளி ஓரம் லேசா சாஞ்சிருக்கணும். அங்கங்க ஒரு சின்ன மேடு விட்டா, தண்ணி பாதையில ஓடாம பக்கத்துல வழிஞ்சிரும். சங்கிலிக்கு மேல நம்ம பக்கம் இருக்கற அம்பதடியைக் கயிறு கட்டி அளந்தேன். பதினோரு அடி இறங்குது. ரெண்டு மடங்குக்கு மேல!

கொத்தனார் மாமா: கயிறு தொய்ஞ்சிருக்கும் மாப்ள. ரசமட்டம் வெச்சியா?
நான்: இல்ல மாமா.
கொத்தனார் மாமா: அப்ப அந்தக் கணக்கை எழுதிராத. நாளைக்கு நான் வர்றேன்.

8:05
ஜீப் அண்ணன்: தம்பி, எல்லாரும் சைக்கிள்ல வந்தா என் வண்டியில யாரு ஏறுவா?
நான்: கீழ இறங்கத்தான் சைக்கிள்ணே. மேல ஏத்திட்டுப் போக உங்க ஜீப்புதான்.
ஜீப் அண்ணன்: அப்படின்னா சரி 👍

8:11
அத்தை: எனக்கு சைக்கிளெல்லாம் தெரியாது சாமி. அந்த வழிய அடைச்சதுலேர்ந்து சின்னதுங்க ரோட்ட சுத்தித்தான் ஸ்கூலுக்குப் போகுது. கொழுக்குமலைக்கு டூரிஸ்ட்டுங்கள ஏத்திட்டுப் போற ஜீப்பு விடியக்காலையிலேர்ந்து பறக்குற ரோடு. கொழுந்து எடுக்கையிலயும் மனசு அங்கதான் கெடக்கு.

நான்: அத்தை, மனுவுல முதல் வரியா இதைத்தான் எழுதணும். நான் சைக்கிள்னு ஆரம்பிச்சு எழுதி வெச்சிருக்கேன். இப்பவே மாத்துறேன்.

8:20
பெரியப்பா: யானைக்கு என்ன சொல்லப் போற? 2023-ல அரிக்கொம்பன ஒண்ணத்தான் பிடிச்சுட்டுப் போனாங்க. மத்ததெல்லாம் இங்கதான் சுத்துது. நெருப்பு வேற. 2018 மார்ச்சுல கொழுக்குமலையிலேர்ந்து குரங்கணிக்கு இறங்குனவங்க கருகிப் போனாங்களே, அந்தப் புல்லு மாதிரிதான இங்கயும்.

நான்: நியாயமான கேள்வி பெரியப்பா. காலையில 8 மணியிலேர்ந்து சாயங்காலம் 4 வரைக்கும்தான் சைக்கிள் விடணும்னு எழுதியிருக்கேன். யானை நிக்குதுன்னு தகவல் வந்தா அன்னிக்கு முழுக்க அடைச்சிரணும். பிப்ரவரியிலேர்ந்து கோடை மழை விழுகுற வரைக்கும் திறக்கவே வேணாம். சங்கிலியை நாமே போடுவோம்.

8:31
டீச்சர் அக்கா: முதல்ல அது யாரு நிலம்னு பாருங்க. வில்லேஜ் ஆபீஸ்ல சர்வே நம்பர் கேக்கணும். வனத்துறை நிலமா இருந்தா பஞ்சாயத்துத் தீர்மானம் மட்டும் போதாது, அவங்க அனுமதியும் வேணும்.
டீச்சர் அக்கா: கேரளாவுல கிராம சபை வார்டு வார்டா கூடும், மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது. வார்டு ஓட்டர்ல நூத்துக்குப் பத்துப் பேரு வந்து உக்காரலேன்னா கூட்டத்துக்கு வேண்டிய ஆள் கணக்கு (கோரம்) இல்ல. வாயில பேசுனா காத்தோட போயிரும், மனுவை எழுதிக் கொண்டாங்க.

கடை மாமா: மலையாளத்துல எழுத இங்க யாரு இருக்கா டீச்சர்?
டீச்சர் அக்கா: தமிழ்லயே எழுதலாம். நம்மள மாதிரி தமிழ் ஆளுங்க அதிகமா இருக்கற இடத்துல, அங்க இருக்கற கவர்மெண்ட் ஆபீசுக்குத் தமிழ்லயே எழுத 1969 ஆட்சிமொழிச் சட்டத்துல இடம் இருக்கு. மலையாளத்துல ஒரு பிரதி நான் எழுதித் தர்றேன்.
டீச்சர் அக்கா: இன்னொண்ணும் சேர்த்துக்க தம்பி. 2023 அக்டோபர்ல ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பே நம்ம கேரளாவுல, திருவனந்தபுரம் பக்கத்துப் பொன்முடியிலதான் நடந்துச்சு.

கடை மாமா: போன கிறிஸ்துமஸ் லீவுக்கு ஒரு சைக்கிள்கூட வரல. ரெண்டு படி மாவு புளிச்சுப் போச்சு. என் பேரையும் போட்டுக்க.

8:47
நான்: திறந்து விடுங்கன்னு மட்டும் கேட்டா ஆபத்துன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. எங்க வெட்டணும், எங்க மேடு விடணும், யாரு வேலை செய்வோம், எல்லாத்தையும் படம் போட்டுக் கொடுப்போம். அனுமதி வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு மம்பட்டிகூடப் போடக் கூடாது. நாளைக்கு அளக்கறது மட்டும்தான், அதுவும் சங்கிலிக்கு இந்தப் பக்கம். காலையில 7 மணி, கடை மாமா கடை வாசல்.

அத்தை: எனக்குக் கையெழுத்து வராதே. ரேகை வெச்சா எடுத்துக்குவாங்களா?
டீச்சர் அக்கா: எடுத்துக்குவாங்கக்கா. மைப் பெட்டி என்கிட்ட இருக்கு.

9:02
பெரியப்பா: அந்த யானை வரியை எனக்குப் படிச்சுக் காட்டு. அப்புறம் கையெழுத்துப் போடுறேன்.
நான்: இப்பவே வர்றேன் பெரியப்பா.