நூறு நாள் வேலை: டேப் வைத்து அளந்த கூலி, உங்கள் ஊரில் எப்படி?

நாங்குநேரிப் பக்கம்:
2024 ஆவணி, குளத்தில் தூர் எடுக்கும் வேலை. நாள் கூலி 319 ரூபாய் என்றார்கள். அம்மாவுக்கு ஆறு நாளைக்கு ஏறியது 1,464, அதாவது நாளுக்கு 244. அளந்த அன்று நான் தண்ணீர்க் குடம் கொண்டு போயிருந்தேன். ஓவர்சியர் குழிக்குள் டேப்பை இறக்கினார். எல்லாக் குழியும் சரியாக இருந்தது, ஒன்று மட்டும் ஆழம் பத்தவில்லை. புருஷன் தவறி மூன்று மாதம்கூட ஆகாத ஒரு மதினி வெட்டியது. குழுவுக்கே கூலி குறையும் என்றதும் அத்தனை பேரும் அவர்களைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். தலையில் இருந்த சட்டியை இறக்காமலே நின்றார்கள் அந்த மதினி. நானும் பார்த்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ராதாபுரம்:
தங்கச்சி, 319 என்பது வந்து நின்றாலே கிடைக்கிற சம்பளம் இல்லை. அளவு முழுசாக இருந்தால்தான் அந்தத் தொகை. அந்த மதினியைச் சொல்லி என்ன? மண்ணை என்ன வகை என்று எழுதினார்கள், அதைக் கேட்டீர்களா? எங்களுக்குச் சரல் மண். மம்பட்டி போட்டால் பொறி பறக்கும். ஏட்டில் சாதாரண மண் என்று எழுதிவிட்டார்கள். கெட்டி மண்ணுக்கு வெட்ட வேண்டிய அளவு குறைவு. ஒரு வார்த்தையில் எங்கள் கூலி போயிற்று. கையில் கொப்புளத்தோடு நின்ற எங்கள் ஆச்சியிடம், "நாளைக்கு ஆழமா வெட்டுங்க" என்றார் அளக்க வந்த ஆள்.

மானூர்:
எங்களுக்குக் கூலி குறையவில்லை, ஆனால் வந்து சேர நாற்பது நாள் ஆயிற்று. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், வட்டிக்கு வாங்கினோம்.
எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். வேலை தொடங்குகிற காலையிலேயே மண் என்ன வகை, ஆளுக்கு எத்தனை கன மீட்டர் என்று பணித்தளப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அளக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டப்படி கூலி 15 நாளுக்குள் வர வேண்டும். 16ஆம் நாளிலிருந்து நாளுக்கு 0.05 சதவீதம் ஈடு உண்டு. 1,464க்குக் கணக்குப் போட்டால் நாளுக்கு முக்கால் ரூபாய்கூட வராது, ஆனாலும் உரிமை உரிமைதான், கேட்க வேண்டும். வேலை 5 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் 10 சதவீதம் கூடுதல். விலைக் குறியீட்டைப் பார்த்து டெல்லியில் நிர்ணயிக்கிற கூலி ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும், 2025இல் 336 ஆனது. வேலை அட்டையில் நாள் பதிவாகிறதா என்று வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். குறை இருந்தால் கிராம சபையில் எழுந்து சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள்.

நாங்குநேரிப் பக்கம்:
சரி அண்ணாச்சி, கேட்கிறோம். ராதாபுரத்துக்காரர் சொன்ன பிறகுதான் தோன்றுகிறது, அந்த மதினியின் குழி இருந்த மூலை முழுக்கச் சரல். அன்றைக்கு அங்கே யாருக்கும் அது தோன்றவில்லை. மறுவாரத்திலிருந்து அவர்கள் வேலைக்கு வரவில்லை.