பத்திரத்தில் உள்ள சில சொற்கள் புரியவில்லை, விளக்க முடியுமா?

வணக்கம். கிராமத்தில் கொஞ்சம் புஞ்சை நிலம் வாங்கப் பேசி வருகிறோம். பத்திர நகலைப் படித்தால் பாதி தமிழே புரியவில்லை!

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று வரை தெரியும். பத்திரத்தில் 1 ஏக்கர், சிட்டாவில் 0.40.50 என்று இருந்ததில் பயந்துபோனேன். அப்புறம்தான் தெரிந்தது, அது ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கு, 40.5 ஏர்ஸ் என்றால் ஏறக்குறைய 1 ஏக்கர்தான். அது சரி.

மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். "பொதுவில் கிணற்றில் 5-ல் 1 பாகமும், மாமூல் வண்டித்தடப் பாத்தியமும் உட்பட" என்று ஒரு வரி. பாத்தியம் என்றால் உரிமை, அதாவது வழக்கமான வண்டிப் பாதையில் போய்வரும் உரிமை என்று புரிகிறது. கிணறு பக்கத்து சர்வே எண்ணில் இருக்கிறது. அந்த 1 பாகம் தண்ணீருக்கு மட்டுமா, கிணறு இருக்கும் இடத்திலும் பங்கு உண்டா? வண்டித்தடம் புலப்படத்தில் (சர்வே வரைபடத்தில்) இல்லை; பத்திரத்தில் மட்டும் எழுதியிருந்தால் நாளை யாராவது வேலி போட்டால் நிற்குமா?

பட்டாவும் கூட்டுப் பட்டா, பலர் பெயரில் சேர்ந்து இருக்கிறது. நிலத்தைத் தனி எண்ணாகப் பிரித்து உட்பிரிவு செய்த பிறகு கிரயம் செய்வதா, கிரயத்தோடு சேர்த்து விண்ணப்பித்தால் போதுமா? பத்திரம் எழுதுபவரிடம் கேட்டால், "எல்லாம் வழக்கமா எழுதுறதுதான் சார்" என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை.