ஸ்டார்ட்அப் பங்கை விற்றதை அமெரிக்க வரிக் கணக்கில் காட்டிய அனுபவங்கள்

சான் ஹோசேவிலிருந்து:

2017-ல் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்த புதிதிலேயே, கொடுத்த ஆப்ஷன்களை (குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை) எக்சர்சைஸ் செய்து, அதாவது கைக்காசு போட்டு வாங்கி, பங்காக வைத்துக்கொண்டேன். 2023-ல் பெரிய கம்பெனி ஒன்று எங்களை மொத்தமாக வாங்கியது. வரி ஆலோசகர் ஒருவர் போட்ட முதல் வரைவில் லாபம் முழுவதற்கும் வரி இருந்தது. தகுதியுள்ள சின்ன கம்பெனிப் பங்கை 5 வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு மத்திய வரி விலக்கு தரும் சட்டப் பிரிவு 1202. "பிரிவு 1202 எனக்குப் பொருந்துமே சார்?" என்றேன். "கம்பெனி கடிதம் இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது.

அந்தக் கடிதம்தான் எல்லாம். கம்பெனி ஒரு அமெரிக்க சி-கார்ப்பரேஷன் (லாபத்துக்குத் தானே வரி கட்டும் நிறுவன வகை), பங்கு தந்தபோது மொத்தச் சொத்து 5 கோடி டாலரைத் தாண்டவில்லை, நிதி, மருத்துவம், கன்சல்டிங் மாதிரி விலக்கிவைத்த தொழில் இல்லை என்பதையெல்லாம் ஊழியர் எப்படி நிரூபிப்பது? கம்பெனிதான் எழுதித் தர வேண்டும். கை மாறிய பிறகு பழைய நிதிப் பிரிவு ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள், அப்புறம் யாரைப் பிடிப்பது? விற்பனை முடியும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

காட்ட வேண்டிய இடம், பங்கு விற்பனைகளைப் பட்டியலிடும் ஃபார்ம் 8949, இரண்டாம் பகுதி. உதாரணமாக 8,000 டாலர் அடக்கம், 4,08,000-க்கு விற்பனை என்றால் இரண்டையும் உள்ளபடியே எழுதி, 'எஃப்' கட்டத்தில் 'க்யூ' என்ற குறியீடும் 'ஜி' கட்டத்தில் மைனஸ் 4,00,000-மும் போட வேண்டும். கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் வரும். அந்த வரிசையின் தொகை, லாப நஷ்டத்தைத் தொகுக்கும் ஷெட்யூல் டி-க்குப் போகும். வரி இல்லை என்று விற்பனையையே எழுதாமல் விடாதீர்கள். விற்பனையைத் தெரிவிக்கும் 1099-பி படிவம் ஐஆர்எஸ்ஸுக்கு (அமெரிக்க வரித்துறை) போயிருந்தால் நோட்டீஸ் வீடு தேடி வரும்.

கலிஃபோர்னியா இந்த விலக்கை ஏற்பதில்லை. மாநில வரியை முழுசாகக் கட்டினேன்.

டல்லாஸிலிருந்து:

எனக்கு நடந்தது நேர் எதிர். தெரிந்தவர் தொடங்கிய கம்பெனியில் பணம் போட்டேன், மூடிவிட்டார்கள். சாதாரண பங்கு நஷ்டம் என்றால், மற்ற லாபத்தில் கழித்தது போக, சம்பளத்தில் வருஷத்துக்கு 3,000 டாலர்தான் கழிக்கலாம். சின்ன கம்பெனிப் பங்கு நஷ்டத்துக்கான பிரிவு 1244-ல் வந்தால் தனி ஆளுக்கு 50,000, தம்பதியாகத் தாக்கல் செய்தால் 1,00,000 வரை அதே வருஷம் கழிக்கலாம். அதை ஃபார்ம் 4797-ல் காட்டினோம். ஆனால் பணமோ சொத்தோ கொடுத்து கம்பெனியிடமே வாங்கிய பங்காக இருக்க வேண்டும். உழைப்புக்குப் பதிலாகத் தந்த பங்கு சேராது. நான் அனுப்பிய செக்கின் நகலைப் பத்திரமாக வைத்திருந்தது அப்போது கை கொடுத்தது.

சியாட்டிலிலிருந்து:

சான் ஹோசே அண்ணா, எனக்கு 2020-ல் ஆப்ஷன் கொடுத்தார்கள், 2024-ல்தான் எக்சர்சைஸ் செய்தேன். 5 வருஷக் கணக்கு எதிலிருந்து? இந்த வருஷமே கம்பெனி விலை போகும் போலிருக்கிறது.

சான் ஹோசேவிலிருந்து:

எக்சர்சைஸ் செய்த நாளிலிருந்துதான் தம்பி. 3 வருஷத்துக்குப் பாதி, 4 வருஷத்துக்கு முக்கால் பங்கு லாபத்துக்கு விலக்கு என்ற புதுச் சலுகை 2025 ஜூலை 4-க்குப் பிறகு வந்த பங்குக்குத்தான், உங்களுக்கு இல்லை. 6 மாதத்துக்கு மேல் வைத்திருந்ததால் பிரிவு 1045 உண்டு: 60 நாளுக்குள் தகுதியுள்ள வேறொரு சின்ன கம்பெனிப் பங்கில் அந்தப் பணத்தைப் போட்டால் வரியைத் தள்ளிப்போடலாம். அதற்குக் குறியீடு 'ஆர்'. சரி, அதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: 2024-ல் நீங்கள் எக்சர்சைஸ் செய்த அன்று கம்பெனியின் சொத்து 5 கோடிக்குள் இருந்ததா? தாண்டியிருந்தால் இந்த இரண்டு பிரிவுமே உங்களுக்குக் கிடைக்காது.